சாட்சித் திட்டு

காம்பைக் கிள்ளியெடுத்து மிளகாய் வத்தலைச் சுளகிலும் காம்பைப் பழைய செய்தித்தாளிலும் போடவேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததால்தான் மனசு கயிறு அறுத்த கன்றுபோல எங்கெங்கோ போய் மேய்கிறது, மேய்ந்துவிட்டுத் திரும்பத் திரும்ப அந்தக் காக்கி உறையடியிலேயே வந்து நிற்கிறது என்று வள்ளிமயில் நினைத்துக்கொண்டாள். உறை பிரிட்ஜின் மேல் இருந்தது, உள்ளே ஒரு படம். ஆத்தா அதற்கு முதுகைக் காட்டி, காலை மடக்கி, குவியலுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு ஷகிலா போனில் கூப்பிடுவாள். "அக்கா, பதினேழாம் படத்த அப்படியே விட்டுறவா, எடுத்துறவா?" என்று கேட்பாள், அதற்கு ஒரு பதில் சொல்லவேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு யூனியன் பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய புகைப்படக் கண்காட்சி. சுற்றுப்பட்டு எட்டு ஊர்ச் சனமும் தங்கள் அப்பன் பாட்டன் முகத்தைத் தேடிக்கொண்டு வரும். முதல் ஆளாக ஆத்தா வருவாள், புதுச்சேலை எடுத்து வைத்திருக்கிறாள். மகள் வேலை பார்த்த கண்காட்சி அல்லவா. இன்றைக்கே, இந்தக் குவியல் தீர்வதற்குள் ஆத்தாவுக்குக் காட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டில் ஒன்று. காரம் நகக்கண்ணில் ஏறி விண்ணென்று தெறித்தது. "ஏ மயிலு, காம்பக் கிள்ளச் சொன்னா வத்தலோட கழுத்த முறிச்சு வச்சிருக்க. வெத பூராம் கொட்டிப்போச்சு பாரு. இங்கிலீசு படிச்ச கைக்கு இது வணங்காது, எந்திரிச்சுப் போ." "நீ பாட்டுக்குக் கிள்ளு ஆத்தா." "கிள்ளத்தான் செய்றேன். நீதான் எங்கிட்டோ போயிட்டு எங்கிட்டோ வார." எப்படித் தெரிகிறது இவளுக்கு. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றில் எடுக்க வேண்டும், ஆனாலும் எதிரில் இருப்பவள் மனசு ஊரைச் சுற்றுவது தெரிந்துவிடுகிறது.

இருபத்திரண்டு வருஷம் புனேயில் மருந்துக் கம்பெனிக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்த கை இது. எட்டாம் வகுப்புவரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ், அப்புறம் கன்னியர் விடுதியில் தங்கி இங்கிலீஷ். ஒன்றில் கோபப்படவும் இன்னொன்றில் கோபத்தை மறைக்கவும் கற்றுக்கொண்டவள். ஆத்தாவுக்கு முடியவில்லை என்று போன வருஷம் திரும்பி வந்தபோது, ராமநாதபுரத்துக் கல்லூரி ஒன்றில் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று ஷகிலா பானுதான் சொன்னாள். ஷகிலா அங்கே நூலகர். யாரோ ஓர் ஓவர்சியர், செத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, அவர் வீட்டுப் பரணில் இருந்த பெட்டியை அவர் மகள் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பெட்டி நிறைய நெகட்டிவ். எழுபத்தேழு எழுபத்தெட்டுப் பஞ்சத்தில் கண்மாய் வெட்டிய நிவாரண வேலைக்கு, வேலை நடந்தது என்பதற்கு அத்தாட்சியாக எடுத்த படங்கள். கூடை கூடையாக மண். சும்மாடு. கோதுமைக்கு வரிசை. கஞ்சிக் கலயம் திறக்கும் கை. சிரிக்கும் கிழவர், சிரிக்காத குமரி. ஓவர்சியருக்கு மண்தான் முக்கியம், மனுசர் குறுக்கே வந்து நின்றதால் படத்தில் விழுந்தவர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு மொழியில் இரண்டு வரி எழுதவேண்டும், அதுதான் வள்ளிமயிலின் வேலை. இங்கிலீஷில் எழுதுவது சுலபமாக இருந்தது, அதில் எல்லாரும் தொழிலாளர்கள். தமிழில் எழுதும்போது கை நின்றது, இது யார் வீட்டு மதினி, யார் வீட்டுச் சின்னையா என்று கேட்டது. பதினாறு படம்வரை எழுதிவிட்டாள். பதினேழைத் திரையில் திறந்தாள்.

வெடித்த கண்மாய்த் தரை. நடுவில் ஒரு மண்திட்டு, நெஞ்சளவு உயரம், உச்சியில் காய்ந்த கோரைப்புல். வெட்டிய ஆழத்தை அளப்பதற்காக இப்படி அங்கங்கே வெட்டாமல் விட்டுவைப்பார்கள், சாட்சித் திட்டு என்பார்கள், வேலை முடிந்து அளந்த பிறகுதான் அதையும் வெட்டித் தள்ளுவது. கண்மாய்க்குள் மரம் ஏது, அந்தத் திட்டு நிழல்தான் நிழல். பிள்ளைகளைத் துணி விரித்து அங்கேதான் போட்டு வைப்பார்களாம். திட்டில் சாய்த்து ஒரு சிலேட்டு, சுண்ணாம்புக் கட்டியில் தேதி. நிழலில் ஒரு பெண், தலைத்துணி முகத்தில் இறங்கியிருக்க, குனிந்து, கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். முகம் தெரியவில்லை, மூக்கு நுனிகூடத் தெரியவில்லை. பிள்ளையின் கால்தான் தெரிகிறது. இடது காலில் கொலுசு. வலது கால் வெறுங்கால். தூரத்தில் கரைச்சரிவில் பெண்கள் வரிசை, எறும்புபோல, கலங்கலாக. வள்ளிமயில் அன்றைக்கு நூலகத்து நாற்காலியில் அப்படியே இருந்தாள். ஏனென்றால் அந்த ஒற்றைக் கொலுசை அவளுக்குத் தெரியும். அது ஆத்தாவின் தகரப்பெட்டியில், மஞ்சள் துணிக்குள், கறுத்துப்போய் இருக்கிறது. அதன் ஜோடி, அந்த வருஷம் வைகாசி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, கண்மாய் மண்ணுக்குள் விழுந்து தொலைந்தது. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, கொலுசுக்காரனும் போய்விட்டான்.

அய்யாக்குட்டி. வள்ளிமயிலுக்கு முன் பிறந்தவன், ஏழு மாசம். முறைப்படி ஒரு பெயர் வைக்கவில்லை, குலசாமி கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதில் அய்யாக்குட்டியாகவே இருந்துவிட்டான். ஆத்தா அவனைப் பற்றி இதுவரை இரண்டு தடவைதான் பேசியிருக்கிறாள். ஒன்று, வள்ளிமயிலின் மகன் பிறந்தபோது. இன்னொன்று, போன வருஷம் கண் ஆபரேசனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஏதோ சாட்சி சொல்லப்போகிறவள்போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. "வரிசையில நின்னுட்டா நின்னதுதான் மயிலு. கீழ ஒருத்தி கூடையத் தூக்கிக் குடுப்பா, நீ வாங்கி மேல குடுக்கணும். ஒருத்தி வெலகுனா சங்கிலி அத்துப்போகும், மேல நிக்கிறவளுக கத்துவாளுக. உச்சிக்குத்தான் விடுவாக, அப்பப் போயி எல்லாரும் பிள்ளைகளுக்குப் பால் குடுப்பம். அன்னைக்கு அளக்க வாராகன்னு விடலை. அவன் அழுகுறான். எனக்குத் தெரியும் அது அவன் அழுகைன்னு, அம்புட்டுப் பிள்ளைக அழுதாலும் தெரியும். மாரு கட்டி ரவிக்கை பூராம் நனைஞ்சுபோச்சு. கூடைய வாங்குறேன், குடுக்குறேன். வாங்குறேன், குடுக்குறேன். அப்புறம் அழுகை நின்னுச்சு. சட்டுன்னு. அழுது அழுது தூங்கிட்டான்னு நெனச்சேன். நிம்மதியா இருந்துச்சு மயிலு. அந்த நேரம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு." சாயங்காலம் போய்த் தூக்கியபோது உடம்பு அனலாக இருந்ததாம், கண் சொருகியிருந்ததாம். பரமக்குடி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வெக்கை என்றுதான் கம்பவுண்டர் சொன்னார். அன்றைக்கு அந்தக் கண்மாயில் இன்னொரு பிள்ளையும் அப்படிச் சுருண்டது, பிழைத்துக்கொண்டது. ஆத்தாவுக்கு அதெல்லாம் இல்லை. பிள்ளை பசியில் செத்தான், அழுகையை விடும்வரை அழுதான், தான் கூடை வாங்கிக்கொண்டிருந்தோம். நாற்பத்தேழு வருஷமாக அதுதான். அதைச் சொல்லி அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அழவில்லை, மறுநாள் கண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தாள்.

அப்படியானால் இந்தப் படம் என்ன? கொலுசு அவனுடையது என்றால் மடி ஆத்தாவுடையதுதானே. அவள் போயிருக்கிறாள். ஏதோ ஒரு நேரம் சங்கிலியை விட்டு ஓடி வந்து கொடுத்திருக்கிறாள், பிறகு வந்த துக்கம் அதை நினைவிலிருந்து துடைத்துப்போட்டுவிட்டது. துக்கம் அப்படிச் செய்யும், புனேயில் ஒரு டாக்டர் அம்மாள் சொல்லியிருக்கிறாள், மனசு தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டுமென்றால் தனக்கு ஆதரவான சாட்சியை எல்லாம் ஒளித்துவைத்துவிடும் என்று. வள்ளிமயில் ஒரு வாரமாக இதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் சிலேட்டில் தேதி 30.5.78 என்றிருக்கிறதா 20.5.78 என்றிருக்கிறதா? அந்த மூன்றின் வயிறு அழிந்திருக்கிறது. இருபது என்றால் இது வேறொரு நாள், வேறொரு சாதாரண மத்தியானம், இதில் ஆறுதல் ஒன்றுமில்லை. பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்தாள். முப்பது செவ்வாய். கொலுசு தொலைந்த வெள்ளி, இருபத்தாறு. இருபதாம் தேதி இரண்டு காலிலும் கொலுசு இருந்திருக்க வேண்டும். ஆக முப்பதுதான். நிழல் குறுகிக் கிடப்பதைப் பார்த்தால் உச்சிப்பொழுது. ஆக அந்த நாள், அந்த நேரம். அப்படிப் படிப்படியாக ஏறி மேலே போனவள் கடைசிப் படியில் ஒவ்வொரு தடவையும் வழுக்கினாள். ஆத்தா பார்த்துவிட்டு, இது நான் இல்லை என்று சொல்லிவிட்டால்? அல்லது, சொல்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, செத்த பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டால்? ஆறிப்போன புண்ணைக் கிளறியவள் என்று ஆகிவிடுமே. ஆறிப்போன புண்ணா அது.

"மீனேய்! சீலா, ஊளி, நகரை!" வாசலில் வண்டி நின்றது. ஆத்தா எட்டிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள். "மூணு மணிக்குக் கொண்டாந்தா அது மீனாய்யா, கருவாடு." "ஆத்தா, ஒங்க குரல் கேட்டதும் ஊளி கண்ண முழிச்சிருச்சு, வந்து பாருங்க." "முழிச்சுக்கிட்டே செத்திருக்கும். போய்ட்டுக் காலைல வா." "காலைல நீங்க கண்காட்சிக்குப் போறீகளாம்ல, ஊரே சொல்லுது." "ஆமா, எம் மக வச்சது." அந்த 'எம் மக'வில் இருந்த நிமிர்வு வள்ளிமயிலின் நெஞ்சுக்குள் போய்க் குத்தியது. வண்டி சத்தம் தேய்ந்துபோயிற்று. அய்யாக்குட்டி போன மறுவருஷம் பிறந்தவள் இவள். அவனுடைய தொட்டில் சேலையில் கிடந்தவள். பசி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தாள், ஆத்தா தெரிய விடவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பி ஊட்டுவாள், பள்ளிக்கூடத்துச் சன்னல் வழியாக ஆப்பத்தை நீட்டுவாள், வாத்தியார் சிரிப்பார். விடுதிக்கு மாசம் இரண்டு தடவை பஸ் ஏறி வந்து அதிரசம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவாள், "நில்லு ஆத்தா" என்றால் நிற்கமாட்டாள். புனேயில் போனை எடுத்ததும் முதல் வார்த்தை, சாப்பிட்டியா. ராத்திரி ஒன்பது மணிக்கும் சாப்பிட்டியா, பிரசவ அறையிலும் சாப்பிட்டியா, அப்பா செத்த சேதியைச் சொல்லும்போதும், "அப்பா போய்ட்டாகடி, நீ மொதல்ல என்னமும் சாப்பிடு." எல்லா வீட்டு ஆத்தாக்களும் கேட்பதுதான் என்று வள்ளிமயில் எரிச்சல்பட்டிருக்கிறாள், கூடப் படித்தவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தக் கேள்விக்குள் ஒரு கூடை கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது. வாங்குறேன், குடுக்குறேன். தும்மல் வந்தது. அடுக்கடுக்காக நாலு தும்மல். "எந்திரி, எந்திரி, போயி மொகத்தக் கழுவு. கையச் சோப்புப் போட்டுக் கழுவு மொதல்ல, அதோட கண்ணக் கசக்கிறாத." அவள் எழுந்தாள். கழுவினாள். திரும்பி வரும்போது பிரிட்ஜின் முன்னால் நின்றுவிட்டாள். மூன்று பத்து. இப்போது இல்லையென்றால் நாளை மண்டபத்தில், நூறு பேர் நடுவில், தனியாக வந்து பார்ப்பாள். அதைவிட இது மேல். கை தானாக உறையை எடுத்தது, படத்தை உருவியது. பெரிதாக்கிப் போட்ட பிரதி, தாம்பாளம் அகலம்.

"ஆத்தா, ஒன்னு காட்டுறேன், பாக்குறியா?"

"என்னது?"

"அந்த ஓவர்சியர் எடுத்த படத்துல ஒன்னு. நம்ம கண்மாய்."

ஆத்தா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், மணிக்கட்டுவரை சிவந்து கிடந்தது. "நான் தொடமாட்டேன், நீயே பிடி. வெளிச்சத்துக்குக் கொண்டா. இன்னும் கிட்டத்துல." வள்ளிமயில் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து படத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். படத்தைப் பார்க்கவில்லை, ஆத்தாவின் கண்ணைப் பார்த்தாள். அந்த நல்ல கண் முதலில் சும்மா மேய்ந்தது, கரை, கோரைப்புல், சிலேட்டு. அப்புறம் கீழே இறங்கியது. நின்றது. வாய் லேசாகத் திறந்தது. சொல்லிவிட வேண்டும், அவள் தப்பாக எதையாவது நினைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வள்ளிமயில் வார்த்தைகளைக் கொட்டினாள். "அவந்தான் ஆத்தா. கொலுசப் பாரு, ஒத்தக் கொலுசு. தேதி போட்டிருக்கு, அந்தச் செவ்வாக்கெழமதான், நான் எல்லாம் பாத்துட்டேன். நீ போயிருக்க ஆத்தா. நீ போயி அவனுக்குப் பால் குடுத்திருக்க. ஒனக்குத்தான் மறந்துபோச்சு."

ஆத்தா கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டிப் படத்தின் ஓரம்வரை பார்த்தாள். பிறகு, மிகவும் சாதாரணமாக, மீன்காரனிடம் பேசிய அதே குரலில், "இது நானில்லடி" என்றாள்.

போயிற்று. எது வழுக்குமோ அது வழுக்கிவிட்டது. படத்தைக் கீழே இறக்கப்போனாள். "எறக்காத," என்றாள் ஆத்தா. "நேராப் பிடி. நான் அந்தா நிக்கேன்." சிவந்த விரலைப் படத்தில் படாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துத் தூரத்து வரிசையைக் காட்டினாள். "கரைச்சரிவுல, கீழயிருந்து மூணாவது. அம்புட்டுப் பேரும் கூடையப் பாக்குறாளுகல்ல, ஒருத்தி மட்டும் இங்கிட்டுத் திரும்பிப் பாக்குறா பாரு. அது நான்." வள்ளிமயில் பார்த்தாள். எறும்பு அளவு. கலங்கல். ஒரு வாரமாகப் பார்த்தும் கண்ணில் படாத ஒன்று, இத்தனை பேருக்கு நடுவில் ஒரே ஒரு முகம், முகம்கூட இல்லை, வெள்ளையாக ஒரு புள்ளி, திட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கை மேல்நோக்கிக் கூடையைக் கொடுத்துக்கொண்டிருக்க, தலை மட்டும் இந்தப்பக்கம். "திட்டு மறைச்சிருச்சு," என்றாள் ஆத்தா. "எனக்குத் திட்டுதான் தெரிஞ்சுச்சு. நிழல் அந்தண்டப் பக்கமா இருந்துச்சுல்ல."

"அப்ப இது யாரு?"

"சீனியம்மா." யோசிக்கவே இல்லை. "காலனித் தெருச் சீனியம்மா. காலப் பாரு, நீட்டித்தான் ஒக்காருவா, அவளுக்கு முட்டி மடங்காது. அதனால வரிசைக்கு எடுக்க மாட்டாக, திட்டு ஓரமா ஒக்காந்து மண்ணாங்கட்டிய ஒடைக்கிறதுதான் அவ வேல. அவ மூணாவது பிள்ள அப்பக் கைப்பிள்ள." ஆத்தா நிறுத்தினாள். "எம் பிள்ளைக்கு அவ குடுத்திருக்கா."

வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் காலனிக் கூட்டம் தனி, ஊர்க் கூட்டம் தனி, கலயம் தனி, குடத்தைத் தொட்டால் தண்ணீரைக் கொட்டுவார்கள். அங்கே, அந்த வெயிலில், கத்துகிற பிள்ளை யார் பிள்ளை என்று தெரிந்தும் ஒருத்தி அதை எடுத்து மடியில் போட்டுத் துணியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். படத்தில் முகம் தெரியாததற்கு வெயில் காரணமில்லை. யாரும் பார்த்துவிடக்கூடாதென்று குனிந்திருக்கிறாள், அந்த நேரம் பார்த்து ஒரு காமிரா.

"அவன் போன மூணாம் நாள்," என்றாள் ஆத்தா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரு முக்குல வந்து நின்னா. உள்ள வரக்கூடாதுல்ல அப்ப. நான் முத்தத்துல கெடக்கேன், சுத்தி அம்புட்டுச் சனம். நின்னா, நின்னா, என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. எங்க மாமியாரு, நீ எதுக்கு இங்க நிக்கிற, போன்னு சத்தம் போட்டாக. போய்ட்டா. கஞ்சி வாங்க வந்திருப்பான்னு நெனச்சேன்டி நான். அப்படித்தான் நெனச்சேன்." குரல் அங்கேதான் உடைந்தது. கண்ணில் நீர் கட்டி மூக்கோரமாக இறங்கியது, துடைக்கக் கையை உயர்த்திவிட்டுச் சட்டென்று விலக்கிக்கொண்டாள். வள்ளிமயில் தன் முந்தானையால் ஒற்றியெடுத்தாள். "எப்படிச் சொல்லுவா. அவ பால் குடிச்சுத்தான் செத்தான்னு ஊரு அவளக் கொன்னுருக்கும். அதுக்கப்புறம் எத்தன வருசம், களையெடுக்கையில, ரேசன் கடையில, எம்புட்டுத் தடவ எதுக்க வந்திருப்பா. தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவா. செத்தும் பத்து வருசமாச்சு." மறுபடியும் ஒற்றினாள். மறுபடியும் நிறைந்தது. அவ்வளவு நீர் அந்தக் கண்ணுக்குள் இருக்கும் என்று ஆபரேசன் பண்ணிய டாக்டருக்கே தெரிந்திருக்காது.

"மயிலு."

"சொல்லு ஆத்தா."

"எனக்கு அம்புட்டுக்குத் தெரியல. நீ நல்லாப் பாத்துச் சொல்லு. குடிக்கிறானா, இல்ல சும்மா வாய வச்சிருக்கானா?"

வள்ளிமயில் படத்தைத் தன் முகத்தருகே கொண்டுபோனாள். ஒரு வாரமாகக் கொலுசையும் தேதியையும் நிழலையும் பார்த்தவள், பிள்ளையைப் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்த்தாள். கன்னம் உள்ளே குழிந்திருந்தது. ஒரு கை சீனியம்மாளின் கழுத்துப் பாசியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. கால் விரல் அஞ்சும் விரிந்து, சுகத்தில் அண்ணாந்து நின்றன, தன் மகனும் அப்படித்தான் விரிப்பான், பசி அடங்குகிற நேரத்தில், முதல் ஆத்திரம் தீர்ந்தபின் நிதானமாக இழுக்கும்போது.

"குடிக்கிறான் ஆத்தா. நல்லாக் குடிச்சுக்கிட்டிருக்கான்."

"வயிறு?"

"நெறஞ்சிருக்கு. காலப் பாத்தாலே தெரியுது."

"அப்ப அழுகை நின்னது அதுக்குத்தானா," என்றாள் ஆத்தா. கேள்வியாக இல்லை. நாற்பத்தேழு வருஷமாகத் தூக்கிப் பிடித்திருந்த ஒன்றை யாரோ மேலிருந்து வாங்கிக்கொண்டதுபோல அவள் தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின. படத்தை மடியில் வைக்கும்படி கண்ணால் காட்டினாள். வள்ளிமயில் வைத்தாள். அவள் தொடவில்லை, இரண்டு கையையும் பக்கவாட்டில் அகட்டி வைத்துக்கொண்டு, குனிந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாலு மணிக்கு அலமாரி மேல் போன் அடித்தது. ஷகிலாதான். வள்ளிமயில் எழுந்து ஓடினாள். படம் சுவரிலேயே இருக்கட்டும் என்று சொல்லவேண்டும், அடியில் சீனியம்மா, அய்யாக்குட்டி என்று இரண்டு பேர் பெயர் போடவேண்டும் என்று சொல்லவேண்டும். சீனியம்மாளின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, நாளைக்கு அவர்களையும் அழைக்க வேண்டும். போனை எடுத்து, "ஷகிலா..." என்று அவள் தொடங்கியதும், பின்னாலிருந்து ஆத்தா, மடியில் கிடந்த பிள்ளையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"பையப் பேசுடி."